கிட்டார் ஃபிரெட்களைப் பிடுங்கி ஜஸ்ட் இன்டோனேஷனுக்கு மாற்ற நினைக்கிறேன் – கருத்து சொல்லுங்கள்

சாட்ஸ்வொர்த்_கம்பி

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் மலிவான நைலான் கிட்டார் ஒன்று சும்மா கிடக்கிறது. கம்பி நீளம் 650 மி.மீ. அதன் ஃபிரெட்களை (கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளை) எடுத்துவிட்டு, ஜஸ்ட் இன்டோனேஷனுக்கு (ஸ்வரங்களைச் சிறிய முழு எண் விகிதங்களில் வைக்கும் முறைக்கு) ஏற்ற இடங்களில் திரும்ப அடிக்கலாமா என்று பார்க்கிறேன்.

தம்புரா ஒலிக்க விட்டுக்கொண்டு தேவாரம் வாசித்தால் அந்தர காந்தாரம் உறுத்துகிறது. அது ஏன் என்று இப்போது புரிகிறது. தம்புராவின் ச கம்பிக்குள்ளேயே 5-ஆவது ஹார்மோனிக்காக ஒரு காந்தாரம் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதன் விகிதம் 5/4, சென்ட் கணக்கில் (ஒரு ஸ்தாயி 1200 சென்ட்) 386. கிட்டாரின் 4-ஆவது ஃபிரெட் கொடுப்பது 400. இரண்டும் ஒரே நேரத்தில் கேட்டால் சண்டை போடாமல் என்ன செய்யும்?

கணக்கும் போட்டுப் பார்த்தேன். இப்போதுள்ள 4-ஆவது ஃபிரெட் நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் கட்டையிலிருந்து) 134.1 மி.மீ. 5/4 வேண்டுமானால் 650-இல் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சரியாக 130. வெறும் 4 மி.மீ. தான். இந்த வேலையைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? டர்பன் பக்கம் யாராவது இருந்தால் இன்னும் நல்லது.

லெனேசியாக்காரன்

தம்பி, கைவைக்கும் முன் ஒரு கேள்வி. கிட்டார் பிரசன்னா சாதாரண ஃபிரெட் உள்ள கிட்டாரில்தானே கர்நாடக சங்கீதம் வாசிக்கிறார்? மாண்டலின் ஸ்ரீனிவாஸ் வாசித்ததும் ஃபிரெட் உள்ள எலக்ட்ரிக் மாண்டலினில்தான். யாராவது காந்தாரம் 14 சென்ட் ஏறிவிட்டது என்று எழுந்து போனார்களா? நம் சங்கீதத்தில் ஸ்வரம் ஓர் இடத்தில் நிற்பதே இல்லை, கமகத்தில் அசைந்துகொண்டேதான் இருக்கிறது. கம்பியை இழுத்து வாசிக்கப் பழகுங்கள். இல்லாவிட்டால் ஸ்லைடு (கம்பி மேல் வழுக்கி வாசிக்கும் உருளை) வாங்குங்கள், ஃபிரெட் தொல்லையே கிடையாது.

சாட்ஸ்வொர்த்_கம்பி

அண்ணா, அவர்கள் கை வேறு, என் கை வேறு. நான் வாசிப்பது ராக ஆலாபனை இல்லை. விளம்பமான பாட்டுக்கு நீளமாக நிற்கும் ஸ்வரங்கள், நடுநடுவே இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்து மீட்டுவது. நிற்கும் ஸ்வரத்தில்தான் பிரச்சினையே. அப்புறம், இழுத்தால் சுருதி ஏறும். எனக்கு இறங்க வேண்டும்.

இழைக்கணக்கு

> வெறும் 4 மி.மீ. தான்

அந்த 4 மி.மீ. எல்லாக் கம்பிக்கும் ஒரே 4 மி.மீ. ஆக இருந்தால் உலகத்தில் பாதிக் கிட்டார்கள் இப்படித்தான் இருந்திருக்கும். ஃபிரெட் என்பது ஆறு கம்பிக்கும் குறுக்கே போகும் ஒரே கோடு. ஒரு கம்பிக்குச் சரியான இடம் பக்கத்துக் கம்பிக்குத் தப்பாக இருக்கலாம். இதைத் தீர்மானிப்பது ஃபிரெட் அல்ல, சுருதி கூட்டும் முறை.

வழக்கமான கிட்டார் சுருதிக்கூட்டான ஈ ஏ டி ஜி பி ஈ-யையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈ-யிலிருந்து ஜி வரை மூன்று சுத்தமான மத்யம இடைவெளி, ஒவ்வொன்றும் 4/3. ஜி-யிலிருந்து பி 5/4. கடைசியில் மறுபடி 4/3. எல்லாவற்றையும் பெருக்கினால் 1280/324, அதாவது 3.95. ஆனால் கீழ் ஈ-க்கும் மேல் ஈ-க்கும் இரண்டு ஸ்தாயி, அது 4 ஆக இருக்க வேண்டும். 81/80 குறைகிறது, 21.5 சென்ட். ஒவ்வொரு ஜோடியும் சுத்தமாக இருந்தால் ஆறும் சேர்ந்து சுத்தமாக இருக்காது. ஒரு ஃபிரெட்டும் அழுத்தாமல், திறந்த கம்பியிலேயே இந்தக் கதி.

ஆகவே முதல் கேள்வி: எந்தச் சுருதிக்கூட்டில் வாசிக்கப் போகிறீர்கள்?

மஸ்கண்டி_பைத்தியம்

இங்கே குவாசூலு-நாட்டாலில் இருந்துகொண்டு ஜூலு கிட்டார் இசையான மஸ்கண்டியைப் பற்றி யாரும் பேசாமல் இருக்கிறீர்களே! ஜூலு கிட்டார்காரர்கள் மேல் ஈ கம்பியை டி-க்கு இறக்கித்தான் வாசிக்கிறார்கள். இழைக்கணக்கு சொன்ன கணக்கை அதற்குப் போட்டுப் பாருங்கள். டி-ஜி 4/3, ஜி-பி 5/4, பி-டி 6/5. மூன்றையும் பெருக்கினால் சரியாக 2. ஸ்தாயி மூடிவிட்டது. மேல் மூன்று கம்பியும் 4:5:6.

இது எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் எனக்கு உமக்வேயானா என்ற ஜூலு இசைவில் ஞாபகம் வருகிறது. அந்த வில்லில் ஒரே கம்பி, நடுவில் ஒரு கண்ணி போட்டு இரண்டாகப் பிரித்திருப்பார்கள். பின்னால் இருக்கும் சுரைக்குடுக்கையை நெஞ்சில் வைத்தும் விலக்கியும் ஹார்மோனிக்குகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவருவார்கள். இளவரசி மகோகோ உகுபு வாசித்த பழைய ஒலிப்பதிவுகளைக் கேளுங்கள். அது கண்ணி இல்லாத வில். அங்கே கேட்கும் மேல் ஸ்வரங்களை யாரும் கணக்குப் போட்டு வைக்கவில்லை, கம்பியே கொடுக்கிறது. உங்கள் தம்புரா காந்தாரமும் அதே சரக்குதான்.

இழைக்கணக்கு

அருமையான உதாரணம், ஆனால் கோமா (அந்த 81/80 பிசகு) காணாமல் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. அந்தக் கூட்டில் கீழ் ஈ-க்கும் பி-க்கும் என்ன விகிதம்? மூன்று 4/3, ஒரு 5/4: 80/27. சுத்தமான பஞ்சமமாக இருந்தால் 3 வந்திருக்கும். அதே 81/80 அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. ஜி-யை ஆதாரமாக வைத்து வாசிக்கும்வரை யாருக்கும் தெரியாது. ஈ-யை ஆதாரமாக வைத்து ஒரு கார்டு போட்டால் உடனே தெரியும்.

வில் விஷயத்தில் மறுபேச்சே இல்லை.

மஸ்கண்டி_பைத்தியம்

சரி சரி, ஒளித்து வைத்ததைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் 🙂 ஆனால் ஒளிப்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

வெருலம்_உளி

தச்சு வேலை செய்பவன், கிட்டார் பழுதும் பார்ப்பேன். கணக்கு உங்களோடு இருக்கட்டும். தம்பி, சுருதிக்கூட்டு முடிவாகாமல் ரம்பத்தை எடுக்காதீர்கள். ஆறு கம்பிக்கும் ஆறு விதமாக ஃபிரெட்டைத் துண்டு போட்டு அடிப்பதும் செய்யக்கூடிய வேலைதான், ஆனால் முதல் தடவை செய்பவருக்கு நான் சொல்ல மாட்டேன். துண்டு ஃபிரெட்டின் முனை நடுப்பலகையில் தூக்கிக்கொண்டு நின்றால் கம்பி அதில் மாட்டும்.

அப்புறம், எந்தக் கிட்டார்? பழைய காலோடோன் (தென்னாப்பிரிக்காவில் செய்த கிட்டார்) ஏதாவதாக இருந்தால் தயவுசெய்து தொடாதீர்கள்.

சாட்ஸ்வொர்த்_கம்பி

காலோடோன் ஒன்று வீட்டில் இருக்கிறது அண்ணா, தாத்தாவுடையது. அதைத் தொட்டால் அம்மா என்னை வீட்டைவிட்டே துரத்துவார்கள். இது வேறு, மேலே சொன்ன நைலான் கிட்டார்.

சுருதிக்கூட்டு: டி ஏ டி எஃப்-ஷார்ப் ஏ டி. நம் கணக்கில் ச ப ச க ப ச. ஆதாரம் எப்போதும் டி தான், அதை மாற்ற மாட்டேன். பாடுகிறவருக்கு உயரம் வேண்டுமானால் கேப்போ (எல்லாக் கம்பியையும் ஒரு ஃபிரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடலாம் என்று நினைத்திருந்தேன்.

லெனேசியாக்காரன்

காலோடோன் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1957 ஜூலையில் வூல்டன் தேவாலய விழாவில் ஜான் லெனன் வாசித்தது நம் ஊர் காலோடோன்தான். பால் மெக்கார்ட்னியை அவர் முதலில் சந்தித்த நாள் அது. இழைக்குச் சம்பந்தமில்லை, மன்னிக்கவும்.

இழைக்கணக்கு

கேப்போவை மறந்துவிடுங்கள். ஃபிரெட்கள் சமமாக இருக்கும்வரைதான் கேப்போ வேலை செய்யும். உதாரணமாக 2-இல் கேப்போ போட்டால் அங்கிருந்து மேலே உள்ள இடைவெளிகள் எல்லாம் வேறாகிவிடும். கம்பியையே ஏற்றி இறக்க வேண்டும்.

ஆனால் ச ப ச க ப ச நல்ல தேர்வு. ஏன் என்று பாருங்கள். 1-ஆவது ஃபிரெட்டை 16/15-இல் வைத்தால் ச கம்பியில் சுத்த ரிஷபம், ப கம்பியில் 8/5, அதாவது சுத்த தைவதம், க கம்பியில் 4/3, அதாவது மத்யமம். மூன்றும் சரி. 3-ஆவதை 6/5-இல் வைத்தால் சாதாரண காந்தாரம், கைசிகி நிஷாதம், பஞ்சமம். மறுபடி மூன்றும் சரி. 5-ஆவது 4/3: மத்யமம், மேல் ச, 5/3 தைவதம். 7-ஆவது 3/2: பஞ்சமம், மேல் ரிஷபம், 15/8 காகலி நிஷாதம். நேர்கோட்டு ஃபிரெட்டே போதும்.

இடிப்பது 2-ஆவது. ச கம்பியில் சதுஸ்ருதி ரிஷபம் 9/8 வேண்டும், அது 72.2 மி.மீ. அதே கோட்டில் ப கம்பி கொடுப்பது 27/16, 906 சென்ட். நமக்கு வேண்டிய தைவதம் 5/3, 884. அதற்கு ஃபிரெட் 10/9-இல், அதாவது 65 மி.மீ.-இல் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே 7 மி.மீ. இடைவெளி. க கம்பி 9/8 பக்கம் ஓட்டுப் போடுகிறது, அப்போதுதான் அதில் 45/32 பிரதி மத்யமம் வரும். 6-ஆவதிலும் ஒரு சின்னச் சண்டை உண்டு. அதை 45/32-இல் வைத்தால் ப கம்பியில் சுத்த ரிஷபம் 20 சென்ட் தாழும். அந்த ஸ்வரம் மேல் ச கம்பியின் முதல் ஃபிரெட்டில் கிடைப்பதால் அதை விட்டுவிடலாம். 4-ஆவது ஃபிரெட்டை க கம்பியில் தொடவே தொடாதீர்கள், 25/16 வரும், அதற்கு நம்மிடம் வேலை இல்லை.

மெழுகும்_மெட்டும்

பீட்டர்மாரிட்ஸ்பர்கில் வீணை சொல்லிக்கொடுக்கிறேன். மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், இப்போதுதான் எழுத நேரம் கிடைத்தது.

இழைக்கணக்கு சொல்கிற 2-ஆவது ஃபிரெட் சண்டை வீணைக்காரர்களுக்குப் பழசு. எங்கள் நாலு கம்பியும் ச ப ச ப. 24 மெட்டும் (வீணையின் ஃபிரெட்) நேர்கோடு. ரிஷபத்துக்குச் சரியாக வைத்தால் பஞ்சமக் கம்பியில் தைவதம் ஏறும், தைவதத்துக்கு வைத்தால் ரிஷபம் தாழும். மெட்டுகள் மெழுகில் பதித்தவை என்பதால் காதுக்கு ஏற்றபடி கொஞ்சம் நகர்த்திக்கொள்ளலாம், ஆனால் ஒரு மெட்டு இரண்டு இடத்தில் நிற்காது.

நான் என் வீணையில் செய்வது: மெட்டைத் தாழ்ந்த பக்கமாக வைத்துவிட்டு, ரிஷபம் வேண்டும்போது கம்பியைக் கொஞ்சம் இழுத்துவிடுவேன். இழுத்தால் ஏறத்தான் செய்யும், இறங்காது. தாழ வைத்தால் ஏற்றிக்கொள்ளலாம். ஏற வைத்துவிட்டால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் 2-ஆவது ஃபிரெட்டை 65-இல் வையுங்கள் தம்பி. ச கம்பியில் 21 சென்ட் இழுப்பது கமகமே இல்லை, விரலைச் சற்று அழுத்திச் சாய்ப்பதுதான்.

இழைக்கணக்கு

டீச்சர், ஒற்றைக் கம்பி வாசிப்புக்கு இது சரியான தீர்வு. அவர் கார்டு மீட்டும்போது ஒரு கம்பியை மட்டும் சாய்ப்பது கஷ்டம் இல்லையா?

மெழுகும்_மெட்டும்

கார்டில் ரிஷபம் எத்தனை தடவை வரும்? ச க ப தானே பெரும்பாலும். அதுவும் நைலான் கம்பி எஃகு மாதிரி உடனே ஏறாது, கொஞ்சம் கூடத் தள்ள வேண்டியிருக்கும், பழகினால் வந்துவிடும். ஒரு ரிஷபத்துக்காக ஃபிரெட்டைத் துண்டு போட வேண்டாம் என்பது என் கட்சி.

வெருலம்_உளி

டீச்சர் கட்சிக்கே என் ஓட்டும். நேர்கோட்டு ஃபிரெட் என்றால் வேலை பாதியாகிறது. இனி கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டாம். நான் கணக்குப் பார்த்தவரை 5-ஆவதும் 7-ஆவதும் பழைய இடத்திலிருந்து அரை மி.மீ. தான் விலகுகின்றன. அரை மி.மீ. தள்ளிப் புதுப் பள்ளம் அறுக்கவே முடியாது, ரம்பம் பழைய பள்ளத்துக்குள் விழும். அது 2 சென்ட் வித்தியாசம். விரல் அழுத்தம் கூடினாலே அதைவிட அதிகம் ஏறும். மனசு கேட்காவிட்டால் ஃபிரெட்டின் தலையை அரத்தால் ஒரு பக்கமாகச் சாய்த்து உருட்டினால் உச்சி கால் மி.மீ.க்கு மேல் நகரும், அது போதும். 12-ஐத் தொடவே கூடாது.

மற்றவற்றைப் பிடுங்க: சால்டரிங் அயர்னை ஃபிரெட் மேல் வைத்துச் சூடாக்குங்கள். பழைய பசை இளகும். வாய் தட்டையாகத் தேய்த்த குறட்டால் ஒரு முனையிலிருந்து மெல்ல மெல்லக் கடித்துக்கொண்டே போங்கள். நெம்பக் கூடாது. நெம்பினால் பலகை சிராய் சிராயாகப் பெயரும். பள்ளத்தில் அதே நிற மரத்தில் சீவிய மெல்லிய பட்டையைப் பசை தடவிச் செருகி, காய்ந்ததும் சமமாக்குங்கள். ரோஸ்வுட் கிடைக்காவிட்டால் கியாட் போதும். கியாட் நம் வேங்கை மரத்தின் இனம்தான், நிறமும் ஒத்துப்போகும்.

புதுப் பள்ளம் 0.6 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஃபிரெட்டின் நடுத்தகடு இறுகி உட்கார வேண்டும், ஆடக் கூடாது. பழைய பள்ளத்துக்கு 3, 4 மி.மீ. பக்கத்தில் அறுப்பதால் இடையில் நிற்கும் மரம் மெலிந்திருக்கும். சுத்தியலால் ஓங்கி அடிக்காதீர்கள், கட்டை வைத்து இறுக்குங்கள். எல்லாம் முடிந்தபின் நீளமான சமதள அரம் போட்டு உயரம் சரி பாருங்கள். பழைய ஃபிரெட் தேய்ந்திருக்கும், புதியது உயர்ந்து நிற்கும். இதைப் பார்க்காமல் விட்டால் கம்பி அதிரும்போது இரையும்.

ஜொஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியா நண்பருக்கு ஒரு வார்த்தை: டர்பன் ஈரத்தில் ஃபிரெட் அடித்த கிட்டாரை ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் வறண்ட குளிர்காலத்துக்குக் கொண்டுபோனால் பலகை சுருங்கி ஃபிரெட் முனைகள் வெளியே நீட்டும், கையைக் கீறும். வருடத்துக்கு நாலைந்து வந்துவிடுகிறது என்னிடம்.

மஸ்கண்டி_பைத்தியம்

உளி அண்ணாவின் வேலைக்கு நடுவே ஒரு படி சேர்க்கலாம். பள்ளம் எல்லாம் அடைத்துச் சமமாக்கியதும், அறுப்பதற்கு முன் 1 மி.மீ. மீன்பிடி நைலான் நரம்பைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டிப் பாருங்கள். பழைய லூட் வாத்தியங்களில் குடல் நரம்பில் ஃபிரெட் கட்டுவது இப்படித்தான். நகர்த்தலாம், வாசித்துப் பார்க்கலாம், பிடிக்கவில்லையென்றால் அவிழ்க்கலாம். டர்பனில் தூண்டில் நரம்புக்கா பஞ்சம்? கழுத்து உடலோடு சேரும் 12-க்கு மேல் கட்ட முடியாது, அதற்கு முன்புள்ளவை போதும். ஒன்றே ஒன்று, நீங்கள் விட்டுவைத்த 5, 7, 12-இன் உயரத்துக்குச் சமமாக நரம்பு இருந்தால்தான் ஒழுங்காகக் கேட்கும்.

சாட்ஸ்வொர்த்_கம்பி

இது எனக்குப் பிடித்திருக்கிறது. 2-ஆவதை 65-இல் ஒரு வாரம், 72-இல் ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டே முடிவு செய்கிறேன்.

வெளிநாட்டில் யாராவது இப்படிச் செய்து நிலைத்திருக்கிறதா? இல்லை, நாம்தான் முதல் கிறுக்கா?

இழைக்கணக்கு

முதல் கிறுக்கர் இல்லை. 1829-லேயே தாமஸ் பெரோனெட் தாம்ப்சன் என்ற ஆங்கிலேயர் பலகை முழுக்கத் துளை போட்டு, வேண்டிய இடத்தில் சின்னச் சின்ன ஃபிரெட்களைச் செருகிக்கொள்ளும் கிட்டார் ஒன்றைச் செய்வித்தார். அமெரிக்காவில் ஹாரி பார்ட்ச் தன் 43 ஸ்வர அளவுக்காகக் கிட்டார்களை மாற்றினார். லூ ஹாரிசன் 2002-இல், இறப்பதற்கு முந்தின ஆண்டு, ஜஸ்ட் இன்டோனேஷனுக்கு ஃபிரெட் மாற்றிய உலோக ரெசனேட்டர் கிட்டாருக்காகவே ஒரு படைப்பு எழுதினார். துருக்கியின் டோல்கஹான் சோகுலு 2008-இல் ஒவ்வொரு கம்பிக்கும் கீழே தனித் தடம் வைத்து நகரும் ஃபிரெட்களைப் போட்டார். தாம்ப்சன் துண்டு ஃபிரெட் பக்கம் போனதற்குக் காரணம், பல ஆதார சுருதிகள் தேவைப்பட்டது. உங்களுக்கு ஒன்றே ஒன்று. அதனால்தான் நேர்கோட்டில் தப்பிக்கிறீர்கள்.

லெனேசியாக்காரன்

எல்லாம் சரி. கோவிலில் ஹார்மோனியம் பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? பெட்டியின் காந்தாரம் 400, உங்களுடையது 386. இப்போது தம்புராவோடு இருக்கும் சண்டை அப்போது ஹார்மோனியத்தோடு வரும். இதே மாதிரிக் குறை சொல்லித்தானே அகில இந்திய வானொலி 1940-இலிருந்து 1971 வரை ஹார்மோனியத்தை ஒதுக்கி வைத்தது?

இழைக்கணக்கு

சண்டையின் அளவையே சொல்லிவிடலாம். ச 110 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள், அதன் 5-ஆவது ஹார்மோனிக் 550. ஹார்மோனியக் காந்தாரம் 138.6, அதன் 4-ஆவது ஹார்மோனிக் 554.4. நொடிக்கு நாலு தடவைக்கு மேல் அலையடிக்கும். ஒரு ஸ்தாயி மேலே போனால் இரண்டு மடங்கு.

இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. சம இடைவெளி வெள்ளைக்காரன் சரக்கு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் 22 சுருதியை மறுத்து, ஸ்தாயியைச் சமமாக 12, 24 என்று பிரிப்பதே பழந்தமிழ் முறை என்று பக்கம் பக்கமாக வாதாடியிருக்கிறார். நான் அவர் கட்சி இல்லை. தம்புரா முன்னால் என் காது அதை ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் அவரைப் படிக்காமல் 5/4 தான் தமிழன் காந்தாரம் என்று யாரும் இங்கே எழுத வேண்டாம்.

மெழுகும்_மெட்டும்

அதற்கு இன்னொரு இழை திறவுங்கள், இங்கே ஆரம்பித்தால் இந்தப் பையன் கிட்டாரை முடிக்க மாட்டான் 🙂

ஹார்மோனியம் இருக்கும் இடத்துக்குச் சாதாரணக் கிட்டாரை எடுத்துக்கொண்டு போங்கள். இது தம்புராவோடும் தனி வாசிப்புக்கும். இரண்டு வாத்தியம் வைத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சாட்ஸ்வொர்த்_கம்பி

அப்படியே செய்கிறேன் டீச்சர். கோவிலுக்குப் பழைய எஃகுக் கம்பிக் கிட்டார், வீட்டுக்கு இது.

நான் எழுதி வைத்திருக்கும் அளவுகள், யாராவது சரிபாருங்கள். எல்லாம் நட்டிலிருந்து, 650-க்கு: 1-ஆவது 40.6, 2-ஆவது 65, 3-ஆவது 108.3, 4-ஆவது 130, 6-ஆவது 187.8, 8-ஆவது 243.75, 9-ஆவது 260, 10-ஆவது 288.9, 11-ஆவது 303.3. 5, 7, 12 பழையபடி. 10-ஆவதை 9/5-க்கு வைத்திருக்கிறேன், அப்போதுதான் க கம்பியில் ரிஷபம் 9/8 வருகிறது.

இழைக்கணக்கு

கணக்கு சரி. அந்த 10-ஆவது ஃபிரெட் யோசனை நன்றாக இருக்கிறது, 2-ஆவதில் விட்ட ரிஷபத்தை அங்கே பிடித்துவிட்டீர்கள்.

வெருலம்_உளி

எண்கள் சரியாக இருக்கலாம், 650 என்பதை எங்கே அளந்தீர்கள்? சேடில் (உடல் பக்கம் கம்பிகள் தங்கும் கட்டை) வரை அளந்திருந்தால் அது தப்பு. கம்பியை அழுத்தும்போது ஏறும் சுருதியைச் சரிக்கட்டச் சேடிலைக் கொஞ்சம் பின்னால்தான் வைத்திருப்பார்கள். நட்டின் உள் விளிம்பிலிருந்து 12-ஆவது ஃபிரெட்டின் உச்சி வரை அளந்து இரட்டியுங்கள். அதுதான் கணக்குக்கான நீளம். ஒவ்வொரு ஃபிரெட்டையும் நட்டிலிருந்தே குறியுங்கள். முந்தின ஃபிரெட்டிலிருந்து அளந்தால் சின்னச் சின்னப் பிசகெல்லாம் கூடிக்கொண்டே போகும்.

சாட்ஸ்வொர்த்_கம்பி

இப்போதுதான் எஃகு அளவுகோலை வைத்துப் பார்த்தேன். 12 வரை 324.5. அப்படியானால் 649.

வெருலம்_உளி

அப்போது 4-ஆவது 129.8, 2-ஆவது 64.9. மற்றவற்றையும் 649-க்குத் திரும்பப் போட்டுவிட்டு, சனிக்கிழமை கிட்டாரோடு வெருலம் வாருங்கள். ரம்பமும் குறடும் என்னிடம் இருக்கின்றன. தூண்டில் நரம்பு நீங்கள் வாங்கி வாருங்கள்.